பழைய விறகு அடுப்பு: திருத்துவதா, மாற்றுவதா?

வேலியோரம் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் உறவுகளே. குளிர் இறுக முதல் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் ஒஸ்லோவுக்கு வெளியே, லில்லஸ்த்ரோம் பக்கம் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய வீடு, 1978இல் கட்டியது. இருக்கையறை மூலையில் பச்சை எனாமல் பூசிய வார்ப்பிரும்பு விறகு அடுப்பு ஒன்று வீட்டோடு சேர்ந்து வந்தது. 1981இல் வாங்கி வைத்ததாக வீட்டை விற்ற பாட்டி சொன்னார். கண்ணாடி இல்லாத இரும்புக் கதவு, கீழே சின்னச் சக்கரம் மாதிரிக் காற்றுத்துவாரம். பார்க்க மிகவும் அழகானது.

போன குளிர்காலம் முழுக்க எரித்தோம். இப்போது கதவு இறுக்கமாகப் பூட்டவில்லை. கதவைச் சுற்றி இடுக்கை அடைக்கிற பாக்னிங் கயிறு கருகி, தொட்டால் பொடியாகக் கொட்டுகிறது. உள்ளே மேலே இருக்கிற தடுப்புத்தட்டு நடுவில் வளைந்து தொங்குகிறது. காற்று தெற்கிலிருந்து அடித்தால் அறைக்குள் புகை மணக்கிறது. அம்மா போன வருடம் ஊரில் இருந்து வந்து எங்களோடு இருக்கிறா. அவவின் கதிரை அடுப்பிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்தில்தான். "எங்கட அடுப்படி மணம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு இருமுகிறா.

ஒரு கடையில் விசாரித்தேன். தட்டுகளும் கயிறும் மாற்ற 4,500 குரோணர் என்றார்கள். புதியது வாங்கிப் பூட்டுவதென்றால் 25,000க்குக் குறையாது. மின்சாரம் விற்கிற விலையில் விறகு இல்லாமல் இந்த வீட்டைச் சூடாக்க முடியாது. திருத்தினால் இன்னும் பத்து வருடம் ஓடுமா? இல்லை, 4,500ஐயும் அடுப்புக்குள் போட்டு எரிக்கிற வேலையா?

கொக்காரை | ஞாயிறு, இரவு 10.55

வணக்கம் தம்பி. நான் துரொண்ட்ஹைமில் கட்டட வேலை, இருபத்திரண்டு வருடமாகிறது. புகைக்கூடும் அடுப்பும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு அடுப்பில் தேய்கிற சாமான் வேறு, உடம்பு வேறு. பாக்னிங் கயிறு, உள்ளே இருக்கிற செங்கல் அல்லது வெர்மிகுலைட் என்கிற சூடு தாங்குகிற பலகை, மேல் தடுப்புத்தட்டு, அடித்தட்டு எல்லாம் தேய்வதற்கென்றே வைத்த சாமான்கள். சைக்கிளுக்கு ரயர் மாதிரி. அவை போனதற்காக அடுப்பு போய்விட்டது என்று சொல்லக்கூடாது. ஆனால் உடம்பில் வெடிப்பு இருந்தால் கதை வேறு. வார்ப்பிரும்பை ஒட்டுவது லேசில்லை. முழுத் துண்டையும் முதலில் சூடாக்கி, நிக்கல் கம்பி போட்டு ஒட்டி, மெல்ல ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் தினமும் நெருப்பு படுகிற இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு கோடு விடும்.

ஆகவே கடைக்குக் காசு கொடுக்க முதல் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலாவது கடதாசி. ஒரு நீளத்துண்டை கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு பிடிக்கவில்லை. கதவைச் சுற்றி எட்டுப் பத்து இடத்தில் பாருங்கள். கீல் பக்கம் மட்டும் பிடித்து மற்றப் பக்கம் விட்டால், பிழை கயிற்றில் இல்லை, கதவு வளைந்திருக்கிறது.

இரண்டாவது ரோர்ச் லைற். அடுப்பு நன்றாக ஆறின பிறகு சாம்பலை அள்ளி, உள்பக்கத்தைத் தூரிகையால் துடைத்து, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எரிகிற ரோர்ச்சை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுங்கள். பிறகு வெளியே சுற்றி வந்து பாருங்கள். பின்பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒரு கண்ணாடியைப் பிடித்தாவது. வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடமெல்லாம் காற்று போகிற இடம். இரண்டு தட்டு சேருகிற மூட்டில் தெரிந்தால் அடுப்புக்கென்று விற்கிற களிம்பு பூசலாம். தட்டின் நடுவில் தெரிந்தால் அதுதான் நான் சொன்ன வெடிப்பு.

இன்னொன்று, இது முக்கியம். 1981 அடுப்பென்றால் அந்தப் பழைய கயிற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாதீர்கள், வக்கூம் கிளீனரால் இழுக்காதீர்கள். தொடாமல் விட்டு, அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் பலகை அடித்திருந்தால் அதுவும் அப்படியே. அம்மாவையும் பிள்ளைகளையும் அந்த மூலைக்கு விடாதீர்கள்.

பேர்கன்மழை | திங்கள், காலை 7.15

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பேர்கனில் 1998க்கு முந்திய, சுத்த எரிப்பு (புகையையும் உள்ளேயே எரிக்கிற முறை) இல்லாத விறகு அடுப்பை எரிக்க 2021 ஜனவரி 1 முதல் தடை. நானும் அப்போதுதான் மாற்றினேன். மாற்ற மனமில்லாமல் மாற்றினது, ஆனால் அடுத்த மாதமே விறகு மிச்சமாகத் தொடங்கியது.

உங்கள் கொம்யூனில் (உள்ளூராட்சியில்) இப்போது தடை இல்லையென்றால் உள்ள இடத்தில் வைத்து எரிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதைக் கழற்றி வேறு வீட்டில் பூட்ட முடியாது. புதிதாகப் பூட்டுவது எதுவாக இருந்தாலும் சுத்த எரிப்பு அடுப்பாக இருக்க வேண்டும். ஆகவே "திருத்தி வைத்துப் பிறகு நல்ல விலைக்கு விற்கலாம்" என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஊமல்கரி | திங்கள், மதியம் 12.30

எல்லாரும் மாற்று மாற்று என்று சொல்லப் போகிறீர்கள், ஆகவே மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

நான் ஸ்தவாங்கர் பக்கம். என்னுடையது 2005இல் வாங்கின அடுப்பு. போன வருடம் கண்ணாடி நிமிடத்தில் கறுத்துக்கொண்டு வந்தது, விறகு கொட்டக் கொட்டப் போதவில்லை. கடைக்காரர் புதுசைக் காட்டினார். நான் கேட்கவில்லை. உள்ளே திறந்து பார்த்தால் பக்கத்துப் பலகை இரண்டு துண்டு, கயிறு தட்டையாகிப் போய்க் கிடக்கிறது. பலகையும் கயிறும் ஒட்டுப்பசையும் வாங்கி ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து நானே மாற்றினேன். கயிற்றை இழுத்து நீட்டி ஒட்டக்கூடாது, தளர்வாக விட்டுப் பள்ளத்துக்குள் அமர்த்த வேண்டும். நீட்டினால் மெலிந்துவிடும். இதை முதல் தரம் பிழையாகச் செய்து, பிடுங்கி, இரண்டாம் தரம் ஒட்டினேன். மொத்தச் செலவு 1,800 குரோணர். இன்றைக்கு வரைக்கும் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது.

எங்கள் அப்பா ஒரு லாம்பைக்கூட எறிந்தது கிடையாது. பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம்போத்தல் விளக்கில் படித்த ஆட்கள் நாங்கள். நூறு கிலோவுக்கு மேல் இரும்பை, தட்டு வளைந்தது என்பதற்காகக் குப்பைக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இரும்பை உருக்கி வார்க்க எவ்வளவு எரிபொருள் போயிருக்கும்? 4,500 கொடுத்துத் திருத்துங்கள் தம்பி.

வேலியோரம் | செவ்வாய், இரவு 11.20

கொக்காரை அண்ணை, நீங்கள் சொன்ன இரண்டையும் செய்தேன். கயிற்றைத் தொடவில்லை.

கடதாசி பத்து இடத்தில் வைத்தேன், ஏழில் வழுக்கிக்கொண்டு வந்தது. கைபிடிப் பக்கம் முழுக்க விட்டுப்போய் இருக்கிறது.

பிறகு பத்தரைக்கு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு ரோர்ச்சை வைத்தேன். அம்மாவும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. கதவைச் சுற்றி வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்ததுதான். மேல்மூடி மூட்டிலும் இரண்டு இடத்தில் தெரிந்தது. பின்பக்கத்துக்கு அம்மாவின் கைக்கண்ணாடியைப் பிடித்தேன். பின்தட்டில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. சுண்டுவிரல் நீளம் இருக்கும். முதலில் எனாமல் கீறல் என்றுதான் நினைத்தேன். ரோர்ச்சை உள்ளே அசைத்தபோது அந்தக் கோட்டிலும் வெளிச்சம் அசைந்தது.

அப்படியே தரையில் இருந்துவிட்டேன். போன குளிர்காலம் முழுக்க இதைத்தான் எரித்திருக்கிறோம்.

ஊமல்கரி அண்ணை, நீங்கள் சொல்வது மனதுக்குப் பிடிக்கிறது. எனக்கும் எறிய விருப்பமில்லை. ஆனால் இந்தக் கோட்டுக்கு என்ன செய்வது?

வெண்பனி | புதன், காலை 6.50

இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். நான் தாதி, நெஞ்சு நோய்ப் பிரிவில் வேலை. அடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, இருமலைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்திருப்பா? பனைமட்டை, தென்னம்பாளை, ஈரமான வேம்பு எல்லாம் ஊதி ஊதி எரித்த தலைமுறை அது. புகையிலை தொடாத பெண்களுக்கும் அந்தப் புகையாலேயே சுவாசக்குழாய் சுருங்குகிற நோய் வருகிறது. எங்கள் பிரிவில் தமிழ் அம்மாமார் வந்தால் டொக்டர் "சிகரெட் பிடித்தீர்களா" என்று கேட்பார். இல்லை என்பார்கள். நான் பக்கத்தில் நின்று "எதில் சமைத்தீர்கள்" என்று தமிழில் கேட்பேன். அதற்குப் பிறகுதான் கதை வரும்.

"அடுப்படி மணம் மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னதை நீங்கள் பாசமாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எனக்கு அதைத்தான் வாசிக்கப் பயமாக இருந்தது. திருத்துவதோ மாற்றுவதோ பிறகு. முடிவெடுக்கும் வரைக்கும் அதை மூட்டாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. புகை வருகிற வெடிப்பால் அதுவும் வரும். அதற்கென்று தனி அலாரம் இருக்கிறது, புகை அலாரம் அதை உணராது. இன்றைக்கே ஒன்று வாங்கி வையுங்கள். அம்மாவை வீட்டு டொக்டரிடம் கூட்டிப்போய் ஊதிப் பார்க்கிற சோதனையும் செய்விக்கச் சொல்லுங்கள்.

ஊமல்கரி | புதன், மதியம் 1.05

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. உடம்பில் வெடிப்பென்றால் நானும் திருத்தச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பொதுவாகப் புகைக்கு அடுப்பை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்க முடியாது. பாதி குற்றம் எரிக்கிற ஆளில். மழையில் நனைந்த விறகைப் போட்டு, இரவு படுக்கப் போகும்போது காற்றுத்துவாரத்தைப் பூட்டி, விடிய வரைக்கும் கனகனவென்று வைத்திருந்தால் எந்த அடுப்பும் புகைக்கும். காய்ந்த பேர்ச் விறகை, மேலிருந்து மூட்டி, காற்றைத் திறந்துவிட்டு எரித்தால் பழைய அடுப்பும் ஒழுங்காகத்தான் எரியும்.

கொக்காரை | புதன், மாலை 5.45

ஊமல்கரி, மேலிருந்து மூட்டுவதும் காய்ந்த விறகும் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் 2005 அடுப்பையும் தம்பியின் 1981 அடுப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் நிற்கிறது.

விறகு சூடாகும்போது முதலில் வெளியேறுவது வாயு. மஞ்சளாக ஆடுகிற சுவாலை அந்த வாயு எரிகிறதுதான். அது எரியாமல் தப்பினால் அதன் பெயர் புகை. அதாவது புகைக்கூட்டால் போகிற கறுப்பும் சாம்பல் நிறமும் நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு. அந்த வாயு முழுக்க எரிய இரண்டு சாமான் வேண்டும். அடுப்புக்குள் நல்ல சூடு, அதோடு சுவாலைக்கு மேலே இரண்டாவது தரம் சூடான காற்று. பழைய அடுப்பில் காற்று கீழே விறகுக்கு மட்டும்தான் போகும். மேலே எழும்புகிற வாயுவுக்குக் காற்று கிடையாது. சுற்றி வெறும் இரும்பு, ஆகவே சூடும் நிற்காது. புதியதில் உள்பக்கம் சூட்டைப் பிடிக்கிற பலகை, மேலே சின்னச் சின்ன ஓட்டைகளால் சூடேறிய காற்று. நெருப்பு நன்றாகப் பிடித்தபிறகு பார்த்தால் விறகைத் தொடாமல் மேலே அந்தரத்தில் சுவாலை ஆடும். அதுதான் இரண்டாம் எரிப்பு.

நோர்வேயில் 1998இல் கொண்டுவந்த விதி இதைத்தான் கட்டாயமாக்கியது. ஒரு கிலோ விறகுக்கு சராசரி 10 கிராமுக்கு மேல் துகள் போகக்கூடாது என்றது அந்த விதி. பழையதில் அதைவிட அதிகம் போகும், அதுவும் காற்றைக் குறைத்து எரித்தால் இன்னும் மோசம். விறகிலிருக்கிற சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் அறைக்குக் கொடுக்கிற அடுப்புகள் இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

ஆகவே என் கணக்கு இப்படி. 1998க்குப் பிந்திய சுத்த எரிப்பு அடுப்பு, உடம்பு நல்லது, தேய்கிற சாமான் மட்டும் போயிருக்கிறது என்றால் யோசிக்காமல் திருத்துங்கள். ஊமல்கரி செய்தது நூறு வீதம் சரி. 1998க்கு முந்தியது, உடம்பு நல்லது, மலைக்குடிசையில் வருடத்தில் நாலு நாள் எரிக்கிறது என்றால் கயிறு மாற்றி வைத்திருங்கள். யோட்டுல் 602 மாதிரி அதிகம் விற்ற மாடல்களுக்கு உள்தட்டு இன்றைக்கும் வாங்கலாம். ஆனால் தினமும் எரிக்கிற வீட்டு அடுப்பு, 1998க்கு முந்தியது என்றால், திருத்தி முடித்த பிறகும் அது 1981 அடுப்புத்தான். 4,500 கொடுத்தால் கதவு பூட்டும். எரிகிற விதம் மாறாது.

உங்களுடையதில் உடம்பும் போய்விட்டது தம்பி. பின்தட்டு வெடிப்பு வளரும். சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கும்போது ஒவ்வொரு தரமும் கொஞ்சம்.

புதுசு வாங்க முதல் கொம்யூனுக்கு எழுதி ஃபேயரை, அதாவது புகைக்கூடு துப்புரவாக்கிப் பார்க்கிறவரை, வரச்சொல்லுங்கள். புகைக்கூட்டை உள்ளே பார்க்காமல் அடுப்பு வாங்குவது, தரையைப் பார்க்காமல் வீடு கட்டுவது மாதிரி.

கரையோரக்காற்று | புதன், இரவு 8.30

டென்மார்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2003க்கு முந்திய விறகு அடுப்போடு வீடு வாங்கினால் 12 மாதத்துக்குள் கழற்ற வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். எங்கள் மச்சான் வீடு பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது அடுப்பின் வயதைத்தான். அதை வைத்தே விலையும் பேசலாம்.

ருறிங்கன்வாசி | புதன், இரவு 9.10

ஜேர்மனியில் 1995க்கும் 2010 மார்ச் 21க்கும் இடையில் சோதனைச் சான்று பெற்ற அடுப்புகளுக்கு 2024 டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது. ஒரு கன மீற்றர் புகையில் துகள் 0.15 கிராம், காபன் மொனொக்சைட் 4 கிராம், இதற்குள் வருகிறது என்று காட்டினால் வைத்திருக்கலாம். எங்களுடையது 2002. அடுப்பின் பின்னால் தகட்டில் இலக்கம் இருந்தது, தயாரித்த கம்பனியின் தாளோடு ஒப்பிட்டால் துகளில் மயிரிழையில் தேறியது. புகைக்கூட்டுக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். கயிறு மட்டும் மாற்றினேன். யாராக இருந்தாலும் தகட்டைச் சுரண்டித் துடைத்து வாசியுங்கள், பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள்.

மேப்பிள்நிழல் | வியாழன், அதிகாலை 3.20

கனடாவில் இருந்து. இங்கே சட்டத்துக்கு முதல் காப்புறுதிக்காரன் வருவான். நாங்கள் ஒன்ராறியோவில் கொட்டேஜ் ஒன்று வாங்கினபோது வெட் என்கிற விறகு அடுப்புப் பரிசோதனைச் சான்று பெற்றவர் வந்து பார்த்து எழுதித் தராமல் காப்புறுதி தரமாட்டோம் என்றார்கள்.

நான் எழுத வந்தது வேறு விசயம். பக்கத்துக் கொட்டேஜில் புகைக்கூட்டு நெருப்பு பிடித்தது. முதலில் நெருப்பு தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. ரயில் கிட்ட வருகிற மாதிரி ஒரு இரைச்சல், பிறகு கூட்டின் வாயால் செக்கச்செவேலென்று. உள்ளே ஒட்டியிருந்த தார் எரிந்தது. நல்ல காலம், ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஈர விறகும் பூட்டிய காற்றும் வருடக்கணக்காக ஒட்டவைத்த தார் அது. தம்பி, கூட்டைப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள்.

வேலியோரம் | அடுத்த செவ்வாய், இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. அன்றிலிருந்து அடுப்பை மூட்டவில்லை. காபன் மொனொக்சைட் அலாரம் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஃபேயர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். கூரைக்கு ஏறி, சங்கிலியில் கட்டிய கமராவை உள்ளே இறக்கி, திரையை எனக்குக் காட்டினா. கீழிருந்து ஒரு மூன்று மீற்றருக்குச் சாதாரணக் கரி. அதற்கு மேலே கூட்டின் சுவர் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கறுப்புச் சப்பாத்து மாதிரி மின்னியது. பெக்சோத் என்று சொன்னா. தார் உருகி ஒட்டி இறுகினது. சாதாரணத் தூரிகைக்கு அது வராது, தனியாக ஆள் வந்து எடுக்க வேண்டுமாம். அது முடியும் வரைக்கும் எரிக்கத் தடை, எழுதியே தந்துவிட்டா.

கூடு நல்லது. வெடிப்பு இல்லை. லேக்கா என்கிற இலேசான களிமண் கல்லில் கட்டியது, உள்குழாயும் சரி. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மூச்சு வந்தது.

பின்தட்டுக் கோட்டை நான் காட்டினேன். கையுறையைக் கழற்றி நகத்தால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, "இது நிறைய வேலை செய்துவிட்டது, இனி ஓய்வெடுக்கட்டும்" என்றா. அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தலையாட்டினா.

அம்மாவை டொக்டரிடமும் காட்டினோம். ஊதிப் பார்த்ததில் கொஞ்சம் குறைவுதான், மூச்சுக்கு இழுக்கிற பம்ப் தந்திருக்கிறார். வெண்பனி அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆகவே மாற்றுகிறோம். இனி என் கேள்வி வேறு. எந்த அளவு வாங்குவது? எங்கள் இருக்கையறையும் குசினியும் சேர்ந்து 45 சதுர மீற்றர். கடையில் 9 கிலோவாட் ஒன்றைக் காட்டினார்கள், பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

கொக்காரை | அடுத்த செவ்வாய், இரவு 9.25

வேண்டாம். அறைக்குப் பெரிய அடுப்பு வாங்குவது எங்கள் ஆட்கள் அடிக்கடி விடுகிற பிழை. பெரியதை வாங்கினால் அரை மணித்தியாலத்தில் அறை வேகும். உடனே காற்றைக் குறைப்பீர்கள். காற்றைக் குறைத்தால் நெருப்பு புகையும், கூட்டில் மறுபடி அந்தப் பளபளப்பு ஏறும். புதிய அடுப்பை வைத்துக்கொண்டு பழைய அடுப்பின் வேலையைச் செய்வீர்கள். உங்கள் இடத்துக்கு 5 கிலோவாட் பக்கம் போதும், குறைந்த அளவிலும் சுத்தமாக எரிகிறது என்று தாளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சின்ன நெருப்பு, நல்ல சுவாலையோடு.

பின்னால் இருக்கிற பிரான்முரை (நெருப்புப் பிடிக்காத சுவரை) அளந்து எழுதுங்கள், அடுப்பின் கைநூலில் சொன்ன தூரத்தோடு ஒப்பிட வேண்டும். கதவுக்கு முன்னால் 30 சென்ரிமீற்றருக்கு எரியாத தட்டு வேண்டும். நீங்களே பூட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தகுதியுள்ள ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், கொம்யூனுக்கும் அறிவிக்க வேண்டும். அந்தத் தாளைக் கவனமாக வையுங்கள், நாளைக்குக் காப்புறுதியும் கேட்கும், வீடு விற்கும்போதும் கேட்பார்கள்.

ஊமல்கரி | அடுத்த செவ்வாய், இரவு 10.40

கூட்டின் கதையை வாசித்தபிறகு எனக்கும் மனம் மாறிவிட்டது. உங்கள் அடுப்புக்குத் திருத்தச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் தம்பி.

சிலர் "அப்படியென்றால் விறகே வேண்டாம், ஹீற் பம்ப் போதும்" என்பார்கள். ஹீற் பம்ப்பும் வையுங்கள், ஆனால் அடுப்பை விடாதீர்கள். ஒரு கிழமைக்கு வீடு தன்பாட்டில் சமாளிக்கிற மாதிரித் தயாராக இருங்கள் என்று 2024இல் இருந்து அரசே சொல்கிறது. ஜனவரியில் மின்சாரம் நின்றால் மற்றதெல்லாம் நின்றுவிடும், விறகடுப்பு நிற்காது. மின்சாரமில்லாத வருடங்களைக் கண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வேலியோரம் | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 7.30

முடிந்தது. 5 கிலோவாட், வார்ப்பிரும்பு, கண்ணாடிக் கதவு. கூட்டுத் தார் எடுத்தது தனிச் செலவு. எல்லாமாக 31,000 குரோணர் போய்விட்டது, நினைத்ததைவிடக் கூட. ஒளிக்காமல் எழுதுகிறேன், யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

முதல் நெருப்புக்கு யன்னலெல்லாம் திறந்து வைக்கச் சொன்னார்கள், புதிய பெயிண்ட் கருகி மணக்கும் என்று. உண்மைதான், இரண்டு மணித்தியாலம் மணந்தது. அம்மாவை அதற்குள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று இரண்டாவது நெருப்பு. ஊமல்கரி அண்ணை சொன்ன மாதிரி தடித்த விறகை அடியில் அடுக்கி, மெல்லிய சுள்ளியை மேலே குறுக்காக வைத்து, உச்சியில் மூட்டினேன். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "நெருப்பை மேல வைச்சா கீழ எப்படிப் பிடிக்கும்?" என்று இரண்டு தரம் கேட்டா. வெளியே போய்க் கூட்டைப் பார்த்தேன். முதல் ஏழெட்டு நிமிடம் மெல்லிய புகை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, கூட்டு வாய்க்கு மேலே காற்று மட்டும் தண்ணீர் மாதிரி அசைந்தது. உள்ளே வந்து பார்த்தால் விறகுக்கு மேலே, கொக்காரை அண்ணை சொன்ன அந்தச் சுவாலை, எதையும் தொடாமல்.

பழையதைக் கழிவு நிலையத்தில் இரும்புப் பக்கம் கொடுத்துவிட்டோம். அதன் பச்சை மேல்மூடியை மட்டும் அம்மா கேட்டு வாங்கி வைத்திருக்கிறா. இப்போது அவவின் கறிவேப்பிலைச் சாடிக்குக் கீழே இருக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். ஈரம் அளக்கிற கருவி வாங்கினேன். கராஜில் கிடக்கிற விறகு வெளியே குத்தினால் 17 வீதம் காட்டுகிறது. பிளந்து நடுவில் குத்தினால் 26. எதை நம்புவது?

கொக்காரை | அதே நாள், இரவு 8.05

26ஐ. பிளந்த முகத்தில் குத்துவதுதான் சரியான அளவு, 20க்குக் கீழே வர வேண்டும். அதை இந்த வருடம் எரிக்காதீர்கள். கராஜுக்குள் காற்று ஓடாது, வெளியே கூரைக்குக் கீழே நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்கி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். இந்தக் குளிருக்குக் காய்ந்த சாக்கு விறகு வாங்குங்கள். வாங்கும்போதும் ஒன்றைப் பிளந்து குத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.